ஸ்கோர் 1, ஆனால் தலையைத் தூக்க முடியவில்லை: ஒரு பாம்புக்கடி நிகழ்வு ஆய்வு

நோயாளி 46 வயது ஆண், ஈரோடு மாவட்டத்தில் மஞ்சளும் வாழையும் போட்டிருக்கும் விவசாயி, சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. புரட்டாசி மாதம். ராத்திரி மும்முனை கரண்ட் வரும்போது மோட்டார் போட வேண்டுமே என்று தோட்டத்துச் சாலையிலேயே, அதாவது கொட்டகையிலேயே, பாய் விரித்துப் படுத்திருந்தவருக்கு, பதினொரு மணி வாக்கில் இடது தோளுக்குக் கீழே சுருக்கென்று ஏதோ பட்ட மாதிரி இருந்திருக்கிறது. எழுந்து டார்ச் அடித்ததில் சுவரோரமாக ஒன்று போவது தெரிந்ததே தவிர, என்ன ஜாதி என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காரில் 12:40-க்கு எங்கள் மருத்துவமனை கேஷுவாலிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். (அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.)

"ஏதோ பூச்சி தொட்டிருச்சுங்க" என்றுதான் மனைவி சொன்னார். டியூட்டி டாக்டர் இந்தப் பக்கத்துக்காரர், பாம்பைத்தான் பூச்சி என்கிறார்கள் என்று தெரிந்தவர் என்பதால் எந்தப் பூச்சி என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை, நேராகப் பாம்புக்கடிக்கான பரிசோதனைகளை ஆரம்பித்துவிட்டார். கடித்த இடத்தில் வீக்கம் இல்லை, ரத்தக்கசிவு இல்லை, பல் பதிந்த தடம்கூடச் சரியாகத் தெரியவில்லை. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை செய்தார்கள், அதாவது சுத்தமான, காய்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூபில் 2 மில்லி ரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து பிறகு சாய்த்துப் பார்ப்பது. ரத்தம் நன்றாகவே உறைந்திருந்தது. டிடி ஊசி போட்டு, 24 மணி நேரம் கண்காணிப்பு என்று எழுதி 1:30-க்கு ஆண்கள் பொது வார்டுக்கு அனுப்பினார்கள். கேஸ் ஷீட்டில் 'பாம்புக்கடி, விஷம் ஏறிய அறிகுறி இல்லை' என்று ஒரு வரி. அந்த நேரத்துக்கு அது சரியான வரிதான், அதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த இரண்டரை மணி நேரமும் அந்த ஒரு வரியின் கண் வழியாகவே அவரை எல்லோரும் பார்த்தார்கள், அதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நான் அங்கே பகுதிநேர ரேப்பிட் ரெஸ்பான்ஸ் நர்ஸ். பகலில் நர்சிங் கல்லூரியில் டியூட்டர் வேலை, வாரத்தில் சில இரவுகள் மட்டும் மருத்துவமனை. இந்த வேலையில் எனக்கென்று வார்டு கிடையாது, படுக்கை கிடையாது. கையில் ஒரு போன், தோளில் ஒரு பை. எந்த வார்டிலாவது நோயாளியின் நிலைமை சரியில்லை என்று தோன்றினால் கூப்பிடுவார்கள், ஐந்து நிமிடத்துக்குள் படுக்கைப் பக்கத்தில் நிற்க வேண்டும். கோட் ப்ளூ என்றால் இதயமோ மூச்சோ நின்ற பிறகு ஓடுவது. அந்த நிலைமைக்குப் போவதற்குப் பல மணி நேரம் முன்பே உடம்பு சொல்ல ஆரம்பித்துவிடும், அதைக் கேட்டு அப்போதே போக ஒரு குழு வேண்டும் என்று 1990-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் ஆரம்பித்த ஏற்பாடு இது. நம் ஊரில் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறது, அதிலும் பகுதிநேரமாக ஆள் வைப்பது அரிது. ஐசியூவில் பல வருடம் இருந்துவிட்டு, குழந்தை பிறந்த பிறகு முழுநேரம் முடியாமல் விலகியவர்களை இப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எங்கள் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் யோசித்ததால் எனக்கு இது கிடைத்தது.

அந்த இரவுக்கு வருகிறேன்.

2:40-க்கு மனைவி நர்சிங் ஸ்டேஷனுக்கு வந்து, "ஏனுங் சிஸ்டரு, இவரு கண்ணைத் தொறக்கவே மாட்டேங்கறாருங்" என்றிருக்கிறார். வார்டில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். நோயாளி பேர் சொன்னார், ஊர் சொன்னார், தூக்கம் வருகிறது என்றும் சொன்னார். நடுராத்திரி, அலைச்சல், பயம் எல்லாம் சேர்ந்து களைத்துக் கிடக்கிறார் என்று நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. 3:15-க்கு வயிற்றுவலி. போனில் டியூட்டி டாக்டரிடம் கேட்டு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் ஊசி போட்டார். 3:30-க்கு வைட்டல்ஸ்: மூச்சு நிமிடத்துக்கு 18, ஆக்சிஜன் வெளிக்காற்றிலேயே 98 சதவீதம், பிபி 138/86, நாடி 96, காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவு. நாங்கள் பயன்படுத்துவது பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட நியூஸ் 2 என்கிற எச்சரிக்கை ஸ்கோர். அந்தக் கணக்கில் நாடி 90-ஐத் தாண்டியதற்கு ஒரு புள்ளி, மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் 1. ஐந்து வந்தால்தான் அவசர அழைப்பு, ஏழு வந்தால் உச்சகட்டம், ஒரே அளவுக்கு மூன்று புள்ளி விழுந்தாலும் டாக்டர் வந்து பார்க்க வேண்டும். இங்கே எதுவுமே இல்லை. கட்டத்தைப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்குகிற ஆள்.

4:05-க்கு மனைவி மறுபடியும் வந்தார். "அம்மிணி, எச்சியே முழுங்க முடியலீங்கறாரு, பேச்சும் ஒரு மாதிரி குளறுதுங். எனக்கென்னமோ பயமா இருக்குதுங்." அந்தப் பெண் அடுத்த நிமிடம் எனக்குப் போன் செய்தார். "அக்கா, ஸ்கோர் ஒண்ணுதான், ஆனா எனக்கு என்னமோ சரியாப் படல, வந்து ஒரு தடவை பாக்கறீங்களா?" இந்த ஆய்வில் யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் அந்தப் பெண்ணைத்தான். கூப்பிடுவதற்கு அவர் கையில் ஒரு எண்கூட இல்லை, மனசுக்குச் சரியாகப் படவில்லை என்பது மட்டும்தான் இருந்தது, அதை வைத்துக் கூப்பிட்டார்.

4:08-க்குப் படுக்கையருகில் இருந்தேன். விளக்கைப் போடச் சொன்னேன். முதலில் கண்ணில் பட்டது நெற்றி. கண் பாதி மூடியிருக்கிறது, ஆனால் நெற்றி முழுக்கச் சுருக்கம். தூங்குகிறவருக்கு நெற்றி சுருங்காது. இமையைத் தூக்கும் தசை கைவிட்டுவிட்டதால் புருவத்தை உயர்த்தி, நெற்றித் தசையால் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். என் விரலை மேலே காட்டி, "அண்ணா, தலையை ஆட்டாம இதையே பாத்துட்டு இருங்க" என்றேன். சில நொடிகளில் இரண்டு மேல் இமையும் மெல்ல இறங்கி, கருவிழியைப் பாதி மறைத்து நின்றது. ஒன்று இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். கடைவாயில் எச்சில் தேங்கியிருந்தது. அடுத்ததாக, "தலையணையில இருந்து தலையை மட்டும் தூக்குங்க" என்றேன். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர தலை எழவில்லை. கையைப் பிடிக்கச் சொன்னால் நன்றாகவே இறுக்கிப் பிடிக்கிறார், காலை மடக்கி நீட்டுகிறார், தலை மட்டும் தலையணையை விட்டு வரவில்லை.

அப்புறம் மூச்சு. நன்றாக இழுத்துக்கொண்டு, நடுவில் மூச்சு வாங்காமல், ஒன்று இரண்டு மூன்று என்று ஒரே சீராக எண்ணச் சொன்னேன். திடகாத்திரமான ஆள் சுமார் ஐம்பது வரை போவார். இவர் 17-இல் நின்றார். மூக்கிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். விரலில் மாட்டியிருந்த ஆக்சிமீட்டர் அப்போதும் 98 காட்டிக்கொண்டிருந்தது.

கட்டுவிரியன் என்று மனதுக்குள் உறுதியாகிவிட்டது. ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது, கடித்த இடத்தில் ஒன்றுமே தெரியாமல் இருப்பது, சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, பிறகு இமை, தொண்டை, கழுத்து, நெஞ்சு என்று மேலிருந்து கீழாக இறங்கும் தளர்ச்சி, எல்லாம் அதன் வழிதான். கண்ணாடி விரியன் மாதிரி இது ரத்தத்தின் உறைவைக் கெடுக்காது, நரம்பும் தசையும் சேரும் இடத்தைத்தான் தாக்குகிறது, அதனால் டெஸ்ட் டியூப் சோதனை எத்தனை தடவை செய்தாலும் இயல்பாகவே வரும். அந்தச் சோதனை கண்ணாடி விரியனையும் சுருட்டை விரியனையும் காட்டிக்கொடுக்கும், கட்டுவிரியனையும் நாகத்தையும் காட்டிக்கொடுக்காது. உறைந்த ரத்தத்தைப் பார்த்து 'விஷம் இல்லை' என்று நினைக்கப் பழகியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐசியூ டாக்டருக்குப் போன் செய்தபோது சுற்றி வளைக்கவில்லை. "இரவு 11 மணிக்குப் பாம்புக்கடி, உறைவு இயல்பு, இப்போது இரண்டு இமையும் தளர்ச்சி, கழுத்தைத் தூக்க முடியவில்லை, எச்சில் தேங்குகிறது, ஒரே மூச்சில் 17 வரைதான் எண்ணுகிறார், வைட்டல்ஸ் இயல்பாக இருந்தாலும் இன்னும் ஒரு மணி நேரத்தில் மூச்சுக்குக் குழாய் போட வேண்டிவரும் என்று நினைக்கிறேன், படுக்கை வேண்டும், விஷமுறிவு மருந்து இப்போதே எடுத்து வைக்க வேண்டும்." என்ன நடந்தது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும் என்கிற வரிசை இது. கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் மறுமுனையில் "சரி, பாத்துக்கங்க, ஸ்கோர் ஏறினா கூப்பிடுங்க" என்ற பதில் வர எல்லா வாய்ப்பும் உண்டு.

காத்திருந்த நேரத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்து எச்சிலை சக்‌ஷன் செய்தோம், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கும் மாஸ்க்கும் தலைமாட்டில் தயாராக வைத்தோம். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று மனைவியிடம் சொல்லி, அவர் கையில் இருந்த காபி டம்ளரை வாங்கி வைத்தேன். வார்டு அட்டெண்டர் ஒருவர் ஆக்சிஜன் வைக்கட்டுமா என்று கேட்டார். வைப்பதில் தவறில்லை, ஆனால் வைத்த பிறகு ஆக்சிமீட்டரை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. மூச்சு ஆழமில்லாமல் போகும்போது கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்கும், கூடுதல் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் திரையில் 99, 100 என்றே காட்டும், ஆள் மட்டும் மயங்கிக்கொண்டே போவார். 4:30-க்கு ஐசியூவுக்கு நகர்த்தும் முன் மறுபடி எண்ணச் சொன்னேன். 11.

ஐசியூவில் முதல் ரத்த வாயுப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 58, இயல்பு 35-இலிருந்து 45. விஷமுறிவு மருந்து 10 குப்பி, ஒரு மணி நேரத்தில் ஏறும்படி டிரிப்பில் ஆரம்பித்தார்கள். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, குளிர் நடுக்கம். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் இது எதிர்பார்க்க வேண்டியதே. டிரிப்பை நிறுத்தி, தொடையில் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் 0.5 மில்லிகிராம் போட்டு, அடங்கியதும் மறுபடி ஓட்டினார்கள். சிரிஞ்சில் அட்ரினலினை முன்கூட்டியே எடுத்து வைக்காமல் விஷமுறிவு மருந்தைத் தொடவே கூடாது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சைகையைக் கூட்டும் நியோஸ்டிக்மினும், அதன் பக்கவிளைவை அடக்க அட்ரோபினும் கொடுத்துப் பார்த்தார்கள், இமை ஏறவில்லை. நாகத்தின் விஷம் நரம்பின் சைகையை வாங்கும் தசைப் பக்கத்து ஏற்பியை அடைக்கும், அங்கே நியோஸ்டிக்மின் வேலை செய்யும். கட்டுவிரியன் விஷமோ பெரும்பாலும் நரம்பு முனையையே சிதைக்கிறது, முனை மறுபடி வளர்ந்தால்தான் தசை வேலை செய்யும், அதற்கு நாள் கணக்கில் ஆகும். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும், நரம்பு முனையில் ஏற்கெனவே நடந்த சேதத்தை அது திருப்பாது. அதுவரை ஆளைக் காப்பாற்றுவது வென்டிலேட்டர்தான். 5:10-க்கு எண்ணிக்கை 7-க்கு வந்தது, குழாய் போட்டார்கள். போட்டபோதும் ஆக்சிஜன் 95-க்குக் கீழே இறங்கவில்லை.

அடுத்த டூட்டிக்கு வந்தபோது நேராக ஐசியூவுக்குத்தான் போனேன். கை கால் எதுவும் அசையவில்லை, இமை முழுதாக மூடியிருந்தது, கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. கட்டுவிரியன் கடியில் இதெல்லாம் வரும், இதை வைத்து மூளை போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. உள்ளே ஆள் விழித்திருக்கலாம், காது கேட்கலாம். அங்கிருந்த சீனியர் சிஸ்டர் இதைத் தெரிந்தவர். வலது கால் கட்டை விரலில் மிச்சமிருந்த லேசான அசைவைக் கண்டுபிடித்து, ஆமாம் என்றால் ஒரு தடவை அசை என்று ஏற்பாடு செய்திருந்தார், ஒவ்வொரு தடவை சக்‌ஷன் செய்யும் முன்பும் என்ன செய்யப் போகிறோம் என்று காதில் சொன்னார், தூங்க மருந்தும் போய்க்கொண்டிருந்தது. ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். பிறகு பேசும்போது, "நீங்க பேசுனதுல பாதி கேட்டுச்சுங். வாய்க்கால் தண்ணி முறை போயிருச்சுன்னு இவ அழுததும் கேட்டுச்சுங்" என்றார். நடந்தே வீட்டுக்குப் போனார்.

நல்லபடியாக முடிந்த கேஸை எதற்கு ஆராய வேண்டும் என்று கேட்டார்கள். 2:40-க்கும் 4:05-க்கும் இடையில் இருக்கிற அந்த 85 நிமிடத்துக்காகத்தான். மனைவி இரண்டாம் தடவை எழுந்து வராமல் தூங்கிப்போயிருந்தால், அடுத்த வைட்டல்ஸ் எடுக்கும்போது மூச்சு நின்ற உடம்பைத்தான் பார்த்திருப்போம், அதுவரைக்கும் ஷீட்டில் ஸ்கோர் 1 என்றே இருந்திருக்கும்.

அந்த ஸ்கோர் மோசமானது என்று நான் சொல்ல வரவில்லை. ரத்தத்தில் கலந்த கிருமித்தொற்று, நிமோனியா, உள்ளே கசியும் ரத்தம், இவற்றையெல்லாம் அது அருமையாகப் பிடிக்கும், அப்படிப் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் இருக்கும் ஏழு அளவுகளில் ஒன்றுகூடத் தசை பலத்தைப் பார்ப்பதில்லை. தசை தளரும்போது நோயாளி குறைந்த ஆழத்தில் மூச்சு விட்டுக்கொண்டு மூச்சின் எண்ணிக்கையைச் சமாளிப்பார், ஆக்சிஜன் கடைசி வரைக்கும் பிடித்து நிற்கும், நினைவு தப்பாது. ஷீட்டில் இமைக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் 2:40-க்கே அந்தப் பெண் அதில் ஏதாவது எழுதியிருப்பார். கட்டம் இல்லாததால் அவர் பார்த்தது எங்கேயும் பதிவாகவில்லை, பதிவாகாததை அவரே சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டார்.

வயிற்றுவலியும் அப்படித்தான் போயிற்று. பாம்புக்கடி என்று கண்காணிப்பில் இருப்பவருக்குப் புதிதாக வயிற்றுவலி வந்தால் அது வாயுத் தொந்தரவு என்று போனிலேயே முடிக்கக் கூடாது, யாராவது நேரில் வந்து கண்ணையும் கழுத்தையும் பார்க்க வேண்டும். ராத்திரி ஒரு டியூட்டி டாக்டருக்கு எத்தனை வார்டு என்பது எல்லோருக்கும் தெரியும், அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எங்களைக் கூப்பிட்டால்தானே. இந்த ஏற்பாட்டைப் பற்றி ஆஸ்திரேலியாவில் 23 மருத்துவமனைகளில் நடத்திய பெரிய ஆய்வு 2005-இல் வந்தது, எதிர்பார்த்த பலன் அதில் தெளிவாகத் தெரியவில்லை. அளவுகோல் பொருந்திய பல நோயாளிகளுக்கு அழைப்பே போகவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. குழு எவ்வளவு கெட்டிக்காரக் குழுவாக இருந்தாலும் போன் அடிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. பகுதிநேரம் என்றால் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. வார்டில் இருப்பவர்களுக்கு என் முகமே சரியாகப் பழகியிருக்காது, சின்ன விஷயத்துக்குக் கூப்பிட்டால் திட்டுவாரோ என்ற பயம், போன தடவை வேறு யாரோ "இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க" என்று கேட்டிருப்பார்கள், அது மனதில் நிற்கும். அதனால் நான் போன் வரும்வரை உட்கார்ந்திருப்பதில்லை. டூட்டி ஆரம்பித்ததும் பையைச் சரிபார்த்துவிட்டு (கடைசியாக வைத்தவர் வேறொருவர் என்பதால் தொண்டைக்குள் பார்த்துக் குழாய் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பல்ப் எரிகிறதா என்பதுவரை ஒவ்வொன்றையும் பார்த்தே ஆக வேண்டும்) வார்டு வார்டாகப் போய், பேர் சொல்லி, "உங்க வார்டுல இன்னைக்கு யாரை நெனச்சா உங்களுக்குக் கவலையா இருக்கு?" என்று கேட்பேன். ஸ்கோர் யாருக்கு அதிகம் என்று கேட்பதில்லை. அந்த இரவும் பத்து மணிக்கு அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்டிருந்தேன், அவர் அப்போது யாரும் இல்லை என்றார். ஆறு மணி நேரம் கழித்து அவர் போன் செய்யத் தயங்காததற்கு அந்த இரண்டு நிமிடப் பேச்சும் ஒரு காரணம் என்று பிறகு அவரே சொன்னார்.

இந்தக் கேஸுக்குப் பிறகு பாம்புக்கடி நோயாளிகளுக்குத் தனி ஷீட் வந்திருக்கிறது. முதல் 24 மணி நேரமும் மணிக்கு ஒரு தடவை இமை, எச்சில் விழுங்குவது, தலையைத் தூக்குவது, ஒரே மூச்சில் எண்ணுவது. தூங்கினாலும் எழுப்பித்தான் பார்க்க வேண்டும், எதற்கு எழுப்புகிறோம் என்று வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மனுசனைத் தூங்கவிடாமல் படுத்துகிறார்கள் என்று சண்டை வரும். ஒன்று கெட்டாலும் ஸ்கோரைப் பார்க்காமல் எங்களைக் கூப்பிட வேண்டும். இதைக் கல்லூரியில் என் மாணவிகளுக்கும் செய்முறையாகவே சொல்லிக்கொடுக்கிறேன், ஒருவர் படுக்க இன்னொருவர் எண்ணவைப்பார். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கிவிட்டது, ஆகவே இந்த ஷீட் நிர்வாகத்துக்கும் உதவும் என்று சொன்னதில் ஒப்புதல் சீக்கிரம் கிடைத்தது.

நோயாளியின் வீட்டாரே நேராக எங்களைக் கூப்பிடலாம் என்று வார்டுச் சுவரில் எண்ணை ஒட்டச் சொல்லிக் கேட்டேன், இரண்டு வார்டில் மட்டும் சோதனைக்கு ஒட்டியிருக்கிறார்கள். நாற்பது பேருக்கு இரண்டு சிஸ்டர் இருக்கும் இடத்தில், ஒரே ஆளை இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது மனைவிதான், அவர் கண்ணுக்கு நிகரான மானிட்டர் எங்களிடம் இல்லை. தேவையில்லாத போன் நிறைய வரும் என்று பயப்பட்டார்கள். இதுவரை வந்த அழைப்புகளில் ஒன்றுகூட வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிடைக்காதது ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி கேஸ்களை அலசும் மாதாந்திரக் கூட்டம் பகலில் நடக்கிறது, பகுதிநேரக்காரர்களுக்கு அதற்குச் சம்பளமும் இல்லை, அழைப்பும் இல்லை. ராத்திரி படுக்கையருகில் நின்றவர்கள் இல்லாமலேயே அந்த ராத்திரியைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறார்கள். இந்தக் கேஸுக்கு நான் கல்லூரியில் லீவு போட்டுவிட்டுப் போய், அந்த ஸ்டாஃப் நர்ஸையும் கூட்டிக்கொண்டுபோய் உட்கார்ந்தேன். அடுத்த மாதத்திலிருந்து கூட்டத்தை இரவு டூட்டி மாறும் நேரத்துக்கு, காலை ஏழரைக்கு மாற்ற வேண்டும், பகுதிநேரக்காரர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.